சாஸனங்களை வினவும் பயிற்சி

சோழர் காலத்துச் சாஸனம் ஒன்றை அச்சில் படிப்பவர் கண்ணில், எழுத்துகளுக்கு இணையாக அவற்றினிடையே நிற்கும் அடைப்புக் குறிகளும் படும். கல் பொரிந்துபோன இடத்தில் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது எது, ஐயத்தோடு வாசித்தது எது, வாசிக்க இயலாமல் விட்டது எவ்வளவு என்பவற்றை அவை ஒளிவின்றி உரைக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் சாஸனங்களைக் கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஸ் 1891-இல் வெளியிடத் தொடங்கிய காலம் முதல் நம் பதிப்புகள் போற்றிவரும் நெறி இது.

இந்நெறியைக் கணினியிலும் காப்பதற்கு வழி உண்டு. 1987-இல் தொடங்கி இன்று எக்ஸ்எம்எல் வடிவில் வழங்கும், பனுவலின் கூறுகளைக் கணினி அறியும் குறிகளால் சுட்டும் டி.இ.ஐ. என்ற குறியீட்டு முறையும், அதனைக் கல்வெட்டுகளுக்கென்று வகுத்தமைத்த எபிடாக் முறையும் அறிஞர் உலகில் நிலைபெற்றுவிட்டன. ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் உதவியோடு 2019-இல் தொடங்கிய ‘தர்மா’ திட்டத்தார் தமிழ்ச் சாஸனங்களையும் இம்முறையில் பதிப்பித்து, எவரும் எடுத்தாளும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஆயினும், பதிப்பதில் காட்டப்படும் சிரத்தையில் ஒரு பங்கேனும், பதித்தவற்றை வினவக் கற்பதில் நம்மிடையே காட்டப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பத்தாம் நூற்றாண்டில் ஏரியைப் பராமரிக்கும் ஊர்க்குழுவாகிய ஏரி வாரியம் எந்தெந்த ஊர்களில் இருந்தது என்று ஆராயப் புகும் ஒரு வித்தியார்த்தி, சாதாரணத் தேடுபெட்டியில் அச்சொல்லை இட்டால், கல்லில் தெளிவாக நிற்கும் சொல்லும், பதிப்பாசிரியர் தம் புலமையால் நிரப்பிய சொல்லும் ஒரே நிரலில் வந்து நிற்கும். வாய்பாடாக வழங்கும் தொடர்களையே பதிப்பாசிரியர்கள் துணிந்து நிரப்புவர். அவ்வாறு நிரப்பியவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டு, இவ்வழக்கு எங்கும் பரவியிருந்தது என்று முடிவு கட்டினால், ஊகத்தையே ஊகத்துக்குச் சான்றாக்கியவர் ஆவோம்.

எக்ஸ்பாத், எக்ஸ்க்வெரி என்னும் வினவு மொழிகள் இந்தப் பிழையினின்று நம்மைக் காப்பவை. எக்ஸ்எம்எல் ஆவணம் ஒரு மரம்போல் கிளைத்திருப்பதால், ஒரு சொல்லிலிருந்து அது அடங்கிய வரிக்கும், வரியிலிருந்து சாஸனத்துக்கும், அதிலிருந்து அரசன் பெயருக்கும் ஆட்சியாண்டுக்கும் ஏறியிறங்க எக்ஸ்பாத் வழி செய்கிறது; நிரப்பிய எழுத்து ஒன்றேனும் கலந்த சொற்களை விலக்குக என்று அதற்கு ஆணையிடலாம். எக்ஸ்க்வெரியோ, பல நூறு கோப்புகளில் கிடைத்த விடைகளைக் கால வரிசையில் அடுக்கி, ஊர்வாரியாகத் தொகுத்துத் தருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஆவணத்தின் குறிகள் எந்த முறையைச் சேர்ந்தவை என்று அறிவிப்பது ‘பெயர்வெளி’; டி.இ.ஐ. ஆவணங்களுக்கு உரிய பெயர்வெளியைக் குறிப்பிடாமல் வினவினால், பெரும்பாலும் பிழைச் செய்தி ஏதுமின்றி வெறுமையே விடையாக வரும். அதைக் கண்டு, சாஸனத்தில் அச்சொல்லே இல்லை என்று கருதிவிடுவது எளிது. வினாவைப் பிறரிடம் எழுதி வாங்கியவருக்கு இந்த வெறுமையின் பொருள் புலப்படாது.

இதனால்தான், பொறியாளர் ஒருவரை அமர்த்திக்கொண்டால் போதும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. எந்த எழுத்தைச் சான்றாகக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பது சாஸன ஞானத்தைச் சார்ந்த தீர்ப்பு. அத்தீர்ப்பு ஒவ்வொரு வினாவின் உள்ளேயும் பொதிந்திருக்கிறது. மானுடத் துறையினர் இம்மொழிகளைத் தாமே கற்பது புதிதும் அன்று. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2014-இல் மானுடத் துறையினருக்கென்றே எக்ஸ்க்வெரி கோடைப் பயிலரங்கம் நடத்தியது. 1861 முதல் வெளிவரும் அந்நாட்டு வெளியுறவு ஆவணத் தொகுதிகளை எக்ஸ்க்வெரியால் இயங்கும் இணையதளமாக அமைத்த ஜோசப் விசென்டோவ்ஸ்கி சரித்திரம் பயின்றவர். மானுடத் துறையினருக்கு அம்மொழியைக் கற்பிக்கும் நூலொன்றை இணைந்து எழுதியவர்.

நம் பல்கலைக்கழகங்களின் கல்வெட்டியல் வகுப்புகளில், மைப்படி எடுக்கவும் பழைய எழுத்தைப் படிக்கவும் கற்பிப்பதோடு, ஒரு பருவமேனும் இந்த வினவுக் கலையைக் கற்பிக்க வேண்டும். இவ்வினவு மொழிகளை இயக்கும் பேஸ்எக்ஸ் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்ச் சாஸனங்களின் கோப்புகளும் திறந்தே கிடக்கின்றன. பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பில் உள்ள பெரியோர்கள் வரும் கல்வியாண்டிலேயே இதற்கு இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.