கோல்ஸ்டன் படுத்திருக்கிறார்
சிலையை அகற்றினால் வரலாறு அழிந்துபோகும் என்கிறார்கள். எந்த வரலாறு என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. பிரிஸ்டல் நகரத்து வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டன் இறந்தது 1721இல். அவருக்கு வெண்கலச் சிலை எழுந்ததோ 1895இல். அதாவது, அடிமை முறையை ஒழிக்க பிரிட்டன் சட்டம் இயற்றி அறுபது ஆண்டுகள் கழிந்த பின்பு! நற்குணமும் ஞானமும் மிக்க மைந்தர் என்று பீடத்தில் பொறித்தார்கள். ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவர் துணை ஆளுநராக இருந்தது பற்றியோ, அக்கம்பெனியின் கப்பல்களில் மனிதர்கள் சரக்காக அடுக்கப்பட்டது பற்றியோ ஒரு சொல் இல்லை. வரலாற்றை மறைத்தது சிலைதான்.

விளக்கப் பலகை வைத்தால் போதாதா என்பது நியாயமான கேள்வியே. 2018இல் அதற்கும் முயன்றார்கள். வாசகத்தில் உடன்பாடு எட்டாமல் 2019இல் முயற்சி நின்றுபோயிற்று. (கனவான்கள் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.) 2020 ஜூன் 7 அன்று போராட்டக்காரர்கள் கயிறு கட்டிச் சாய்த்து, துறைமுக நீரில் தள்ளினார்கள். கூட்டம் தீர்ப்பெழுதுவது நமக்கு உவப்பானதல்ல. ஆயினும் மற்ற வாசல்களையெல்லாம் அடைத்தவர்கள் யார் என்பதையும் மறக்க முடியவில்லை. வழக்கில் நால்வரும் 2022இல் விடுதலையானார்கள்.

மீட்கப்பட்ட சிலை இப்போது அதே துறைமுகக் கரையிலுள்ள எம் ஷெட் அருங்காட்சியகத்தில் படுத்த நிலையில் கிடக்கிறது. போராட்டக்காரர்கள் பூசிய சாயத்தைக் கழுவாமல் விட்டிருக்கிறார்கள். அதுவே நமக்குப் பிடித்திருக்கிறது.