பொன் கொடுத்து வாங்கிய மௌனம்

பத்து வெள்ளி கொடுத்து வாங்கிய குடை முதல் மழையிலேயே ஒழுகினால், வாங்கியவர் கடைக்குத் திரும்பிச் சென்று நியாயம் கேட்கிறார். கடைக்காரர் மறுத்தால், நாலு பேர் காதில் விழும்படி உரக்கவும் கேட்கிறார். ஆனால், 500,000 வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய புத்தம் புதிய ஸ்போர்ட்ஸ் கார் முதல் மாதத்திலேயே நடுச்சாலையில் நின்றுவிட்டால், அதன் உரிமையாளர் வாய் திறப்பதில்லை. இழுவை வண்டியை வரவழைத்து, அயலார் கண்ணில் படுமுன் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறார். நண்பர் வினவினால், "வழக்கமான பராமரிப்புக்குப் போயிருக்கிறது" என்கிறார். மூன்று திங்களில் நான்கு முறை அதே பழுது வந்தாலும் அதே விடைதான். குடை வாங்கியவருக்கு உள்ள துணிவு கார் வாங்கியவருக்கு இல்லாமற் போனது ஏன்?

விடை எளிது. குடை வாங்கியவர் குடையை மட்டுமே வாங்கினார். கார் வாங்கியவரோ காரோடு சேர்த்து மதிப்பையும் வாங்கினார். காரில் குறை என்று ஒப்புக்கொண்டால், அந்த மதிப்பிலும் குறை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என அஞ்சுகிறார். இவ்வச்சத்தை விற்பனையாளர் நன்கறிவர். எவ்வளவு விலை உயர்கிறதோ அவ்வளவு மௌனமும் உறுதி என்பதும் அவர்கள் அறிந்த கணக்கே. இம்மௌனம் தனிமனிதர் ஒருவரின் கூச்சமாகத் தோன்றலாம்; உண்மையில் அது, பொருள் வாங்கும் மக்கள் அனைவருக்கும் இழைக்கப்படும் தீங்காகும்.

விலை உயர்ந்த பொருளில் பிழை நேராது என்பது ஒரு மூடநம்பிக்கை. இத்தாலி நாட்டுப் பெராரி நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய '458 இத்தாலியா' என்னும் காரை எடுத்துக்கொள்வோம். 2010 ஆம் ஆண்டில் அவ்வகைக் கார்கள் சில தீப்பற்றி எரிந்தன. ஆய்ந்து பார்த்தபோது, சக்கர வளைவின் உட்புறத்தில் பயன்படுத்தப்பட்ட பசையே காரணம் என்று தெரிந்தது. கடும் வெப்பத்தில் அப்பசை தீப்பற்றக் கூடியதாக இருந்தது. அந்நிறுவனம் 1,248 கார்களைத் திரும்ப அழைத்து, பசையை நீக்கி, உலோக ஆணிகளால் அப்பகுதியை இறுக்கிக் கொடுத்தது.

2014 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் போர்ஷே நிறுவனத்துக்கும் இந்நிலை வந்தது. அதன் '911 ஜிடி3' என்னும் புதிய கார்களில் இரண்டு ஐரோப்பாவில் தீப்பற்றின. பிஸ்டனோடு இணையும் தண்டின் திருகாணி தளர்ந்து, எஞ்சினின் கூட்டைச் சேதப்படுத்தி, எண்ணெய் வெளியே கசிந்ததே காரணம். உரிமையாளர்கள் காரை ஓட்டவே வேண்டா என்று அந்நிறுவனம் அறிவித்தது. பின்னர் 785 கார்களுக்கும் புதிய எஞ்சினையே பொருத்திக் கொடுத்தது. அதன் பிறகும் அவ்வகை எஞ்சின்களில் வேறு உறுப்புகள் தேய்வதாக முறையீடுகள் எழுந்தன. நிறுவனம் எஞ்சினுக்கான உத்தரவாதத்தைப் பத்து ஆண்டுகளுக்கு நீட்டிக்க வேண்டியதாயிற்று. அதே நிறுவனத்தின் முந்தைய கார்களில், எஞ்சினுக்குள் இருந்த இடைத்தண்டின் சிறு பேரிங் ஒன்று உடைந்து எஞ்சினையே பாழாக்கியது. 2001 முதல் 2005 வரையிலான கார்களைக் குறித்த அவ்வழக்கு, 2013 ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றத்தில் உடன்பாட்டில் முடிந்தது.

இச்செய்திகள் இரண்டு உண்மைகளைக் காட்டுகின்றன. முதலாவது: பசையும் திருகாணியும் பேரிங்கும் காரின் விலையைப் பார்த்து நடந்துகொள்வதில்லை. இரண்டாவது: குறை வெளிப்பட்ட இடத்தில்தான் முழுத் தீர்வு பிறந்தது. எரியும் காரை யாரும் மறைக்க முடியாது. ஆதலின் தீர்வும் விரைந்து வந்தது. எரியாத குறைகளுக்கோ அந்தப் பேறு இல்லை.

எரியாத குறைகள் எவை? நிறுத்தி வைத்த காரின் மின்கலம் சில நாள்களில் வற்றிப்போகிறது. காரின் உள்ளே இருக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுள் ஏதோ ஒன்று உறங்காமல் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது தானியங்கிக் கியர் தடுமாறுகிறது. எஞ்சின் பின்புறமும் வெப்பத்தைத் தணிக்கும் ரேடியேட்டர் முன்புறமும் இருப்பதால், குளிர்நீர் காரின் நீளம் முழுதும் ஓடவேண்டியிருக்கிறது. அதன் வழியில் எங்கோ ஓரிணைப்பு கசிகிறது. எச்சரிக்கை விளக்கு காலையில் எரிகிறது. பட்டறையை அடைந்ததும் அணைந்துவிடுகிறது. பட்டறையில் கணினியைப் பொருத்திப் பார்க்கிறார்கள். பதிவாகியிருந்த குறியீட்டை அழிக்கிறார்கள். "குறை எதுவும் காணப்படவில்லை" என்று தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். அடுத்த வாரம் விளக்கு மீண்டும் எரிகிறது. நோய் தீர்ந்ததா என்று பாராமல், நோயாளி மருத்துவமனையை விட்டுப் போனால் போதும் என்று எண்ணுவதற்கு ஒப்பானது இச்செயல்.

இவ்விடத்தில் விற்பனையாளர் தரப்பிலிருந்து சில வாதங்கள் எழுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடைபோட வேண்டும்.

"இது பந்தயக் குதிரை போன்றது, மாட்டு வண்டியைப் போல நடந்துகொள்ளாது, கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும்" என்பது முதல் வாதம். கேட்பதற்கு இனிமையான உவமைதான். ஆயினும், குறையைப் பெருமையாக மாற்றிக்காட்டும் தந்திரம் இதனுள் ஒளிந்திருக்கிறது. ஜிடி3 காரின் எஞ்சின் நிமிடத்திற்கு 9,000 சுற்று சுழலக்கூடியது என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. அவ்வேகத்தைத் தாங்கும் திருகாணியும் அவ்விலைக்குள் அடக்கம். குதிரையின் முரண்டு அதன் இயல்பு. திருகாணியின் தளர்ச்சி செய்தவர் பிழை. இயல்பையும் பிழையையும் ஒரே தட்டில் வைப்பது அறிவுடைமை ஆகாது.

"இந்நாட்டு வெப்பமும் மழையும் நெரிசலும் இவ்வகைக் கார்களுக்கு ஒத்துவரா" என்பது இரண்டாவது வாதம். கோலாலம்பூரில் வெயில் அடிக்கும், சிங்கப்பூரில் மழை பெய்யும் என்பது காரை இறக்குமதி செய்தவருக்குத் தெரியாத இரகசியமா? ஒத்துவராது என்று அறிந்திருந்தால் விற்கும் முன்னரே சொல்லியிருக்க வேண்டும். விற்கும்போது பளபளக்கும் விளம்பரத்தாளையும், பழுதுற்றபோது வானிலை அறிக்கையையும் நீட்டுவது வணிக நேர்மை அன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைச் சொல்லவந்த பட்டினப்பாலை, அவர்தம் செல்வத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கொள்வதிலும் கொடுப்பதிலும் அவர்கள் காத்த நடுவுநிலைமையையும் போற்றியது. அந்த நூலைப் பாடமாகப் படிக்கும் சமுதாயத்திற்கு இந்த அளவுகோல் புதிதன்று.

"உத்தரவாதம் இருக்கிறதே! இலவசமாகத்தானே பழுதுபார்த்துத் தருகிறோம். பிறகு என்ன குறை?" என்பது மூன்றாவது வாதம். இதுவே மிக வலிமையானதாகத் தோன்றுவது. இதுவே மிகப் பொய்யானதும் ஆகும். பழுதுபார்ப்பு இலவசம் என்றால், காலமும் இலவசமா? சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. கார் பட்டறையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அப்பத்து ஆண்டுகளில் ஒரு நாள் கரைகிறது. மலேசியாவில் தவணை முறையில் வாங்கியவருக்கு, கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வங்கித் தவணை தவறாமல் வந்து நிற்கிறது. உத்தரவாதம் என்னும் சொல்லின் பொருள்தான் என்ன? நல்ல பொருளைத் தருவேன் என்னும் வாக்குறுதி அது. கெட்ட பொருளை ஆயுள் முழுதும் ஒட்டுப்போட்டுத் தருவேன் என்பது வாக்குறுதி ஆகாது.

இந்த வேறுபாட்டைச் சட்டம் எப்போதோ உணர்ந்துகொண்டது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982 ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. ஒரே குறையை நான்கு முறை பழுதுபார்த்தும் தீராவிட்டாலோ, புதிய கார் மொத்தம் 30 நாள் பட்டறையிலேயே கிடந்தாலோ, வாங்கியவர் மாற்றுக் காரோ பணமோ கேட்கலாம் என்று அது வழிவகுத்தது. சிங்கப்பூரில் 2012 ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்திற்குள் வெளிப்படும் குறை, ஒப்படைத்த போதே இருந்ததாகக் கொள்ளப்படும் என்கிறது. இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை விற்றவரையே சாரும். பழுதுபார்த்தோ மாற்றியோ கொடுத்துக் குறையைத் தீர்க்கவேண்டும்; நியாயமான காலத்தில் அது நடவாதபோது விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம்.

மலேசியாவின் 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் வாய்மூடி இருக்கவில்லை. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்று அதன் 32 ஆம் பிரிவு கூறுகிறது. சிறு குறைகளும் இல்லாதிருத்தல், பாதுகாப்பு, நீடித்துழைத்தல் ஆகியவை அத்தரத்தின் அடையாளங்கள். பொருளின் விலையையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்று அப்பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. அதாவது, விலை ஏற ஏற விற்பவரின் பொறுப்பும் ஏறுகிறது. நடைமுறையில் நிகழ்வதோ இதற்குத் தலைகீழ்: விலை ஏற ஏற வாங்கியவரின் வாய் மூடிக்கொள்கிறது!

"எல்லாம் சரி; இது பணக்காரர் தொல்லை. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் தமிழர்க்கு இதனால் ஆவதென்ன?" என்று கேட்போரும் உளர். இவ்வினா விற்பனையாளரிடமிருந்து வருவதன்று; நல்லெண்ணம் உடையோரிடமிருந்தே வருகிறது. ஆயினும் இதுவும் தவறான எண்ணமே. புதிய சொகுசுக் கார் ஒன்று மீண்டும் மீண்டும் பழுதான வழக்கில், மலேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் வாங்கிய நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அது ஸ்போர்ட்ஸ் கார் அன்று. வாங்கியதும் வசதி படைத்த நிறுவனம்தான். ஆனால் அத்தீர்ப்பு வசதி படைத்தோர்க்கு மட்டும் உரியதன்று. ஒன்பது ஆண்டுத் தவணையில் சிறு கார் வாங்கிய இளைஞனும் அதே சட்டத்தின் கீழ்தான் நிற்கிறான். அதே தீர்ப்பை எடுத்துக்காட்ட முடியும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கோரக்கூடிய தொகை 2019 ஆம் ஆண்டில் 25,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அத்தொகைக்குள் அடங்காத பெரிய வழக்குகளை நீதிமன்றம் வரை கொண்டுசெல்லும் பொருள்வலிமை எளியோர்க்கு இல்லை, செல்வர்க்கு உண்டு. அவர்கள் வாய் திறந்தால் வழி பிறக்கும். மூடிக்கொண்டால் அவ்வழி எல்லார்க்கும் அடைபடும்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் பொருளியல் அறிஞர் 1970 ஆம் ஆண்டில் பழைய கார்ச் சந்தையை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். நல்லது எது, கெட்டது எது என்று வாங்குவோர் அறிய முடியாத சந்தையில், கெட்ட பொருளே நல்ல பொருளை விரட்டிவிடும் என்பது அவர் கண்ட முடிவு. 2001 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். பழைய காருக்கு அவர் சொன்னது புதிய காருக்கும் பொருந்தும். குறையை அறிந்தவர் மறைத்தால், அடுத்து வாங்குபவர் குருடராகிறார். நேர்மையாகச் செய்து விற்கும் நிறுவனமும் அதற்குரிய பரிசை இழக்கிறது. உழுவை வண்டி செய்துகொண்டிருந்த பெரூசியோ லம்போர்கினி, தம் பெராரி காரின் கிளட்ச் குறையைச் சொல்லப்போய், மதிக்கப்படாமல் திரும்பியதால்தான் 1963 ஆம் ஆண்டில் தாமே கார் நிறுவனம் தொடங்கினார் என்னும் கதை அத்தொழிலில் பெயர்பெற்றது. அவர் வெட்கப்பட்டு வாய்மூடியிருந்தால் அந்தக் கதைக்கே இடமில்லை.

முறையீடு என்றால் பட்டறை ஊழியரை நோக்கிக் கூச்சலிடுவதன்று. அவர் காரைச் செய்தவரும் அல்லர், விற்றவரும் அல்லர். குறை தோன்றிய நாள், ஓடியிருந்த தொலைவு, பட்டறைக்குக் கொண்டுசென்ற நாள், திரும்பப் பெற்ற நாள், அங்கே எழுதிக் கொடுத்த தாள் ஆகிய அனைத்தையும் சேர்த்து வைத்து, எழுத்தில் கேட்பதே முறையீடு. "குறை காணப்படவில்லை" என்னும் தாளைக்கூடத் தூக்கியெறியலாகாது. அவ்வாறான நான்கு தாள்கள் சேர்ந்தால் அவையே சான்றாகும்.

இங்கேதான் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் வேலை இருக்கிறது. நம் வகுப்புகளில் புகார்க் கடிதம் கற்பிக்கப்படுகிறது. அள்ளப்படாத குப்பையைப் பற்றியும் எரியாத தெருவிளக்கைப் பற்றியும் மாணவர் எழுதுகின்றனர். "ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. நாள் எது, எத்தனையாவது முறை, கொடுத்த வாக்குறுதி என்ன, கேட்கும் தீர்வு என்ன, எத்தனை நாளுக்குள் என்னும் வினாக்களுக்கு அக்கடிதங்களில் விடை இருப்பதில்லை. மன்றாட்டு வேறு, உரிமைக் கோரிக்கை வேறு. முன்னதில் இரக்கம் கேட்கப்படுகிறது; பின்னதில் கணக்கு கேட்கப்படுகிறது. இவ்வேறுபாட்டை வகுப்பிலேயே கற்ற மாணவர், நாளை மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் சரி, விலைமதிப்பற்ற கார் வாங்கினாலும் சரி, பழுதை மறைத்துவிட்டுப் பெருமை பேசமாட்டார்.

கொடுத்த விலைக்கு ஏற்ற பொருளைக் கேட்பது இழிவன்று. குறையுள்ள பொருளை விற்றவர் தலைநிமிர்ந்து நடக்க, வாங்கியவர் தலைகுனிந்து நிற்பதே இழிவு. வெட்கப்பட வேண்டியவர் யார் என்பதை முதலில் தெளிவோம். வாய் தானே திறக்கும்.