வல்லுப்பலகை வீண்பொழுதின் சின்னமா?

பலகை விளையாட்டுக்கள் வேலையற்றோரின் பொழுதுபோக்கு, சூதுக்கு வாயில், படிக்கும் பிள்ளைக்குப் பகை என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. தாயமும் பல்லாங்குழியும் ஆடுபுலியும் திண்ணையினின்றும் துரத்தப்பட்டமைக்கு இக்கருத்தும் ஒரு காரணமாகும். மறுபுறத்தே, இவற்றைப் போற்றுவதாகக் கூறுவோர் ஆண்டுக்கொரு முறை பண்பாட்டு விழாவிற் காட்சிக்கு வைத்துவிட்டு, விழா முடிந்ததும் பெட்டியிற் பூட்டிவிடுகின்றனர். இவ்விரு சாராரும் ஒரே தவற்றையே இழைக்கின்றனர் என்பது எமது துணிபு.

பழிப்போர் வள்ளுவரைத் துணைக்கழைப்பர். ஆயின் சூது என்னும் அதிகாரத்திலே அவர் கடிந்தது, பொருளைப் பணயம் வைத்திழக்கும் வேட்கையையே. அதே வள்ளுவர் கல்லாமை அதிகாரத்தின் முதற் குறளில் (401), நூலறிவு நிரம்பாது அவையிற் பேசுதலை, அரங்கு வகுக்காமல் வட்டாடுவதற்கு ஒப்பிடுகின்றார். கல்விக்கு உவமையாகக் கொண்ட ஒன்றை அவர் இழிவெனக் கருதியிருப்பாரா?

இவ்வெறுப்பு உண்மையில் ஆட்டத்தின் மீதானதுமன்று. தாயத்தின் உறவான பச்சீசி, கடல் கடந்து சென்று 1896 இல் இங்கிலாந்திலே 'லூடோ' என்னும் பெயரிற் காப்புரிமை பெற்றது. அதனைக் கடையிற் காசு கொடுத்து வாங்கும் பெற்றோரே, முற்றத்திற் கோடு கீறிச் சோகி உருட்டும் பிள்ளையை அதட்டுகின்றனர். பிறர் முத்திரை விழுந்தாலன்றி நம்முடையதை மதியாத மனப்பான்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? இந்நாட்டில் நீர்ப்பாசனப் பொறியியலாளராகப் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909 இல் வெளியான தம் நூலிலே, பழங்குளங்களோடு இங்குள்ள பலகை விளையாட்டுக்களையும் ஆராய்ந்தார். குளத்துக்கு நிகராக ஆட்டமும் ஆராயத்தக்கதென அவர் கண்டதை நாம் காணத் தவறினோம்.

'ஊர்' என்னும் மெசொப்பொத்தேமிய நகரின் அரச கல்லறைகளில் ஏறத்தாழ 4500 ஆண்டுப் பழைமையுடைய ஆட்டப் பலகைகள் கிடைத்துள்ளன. அரசுகள் அழிந்தும் ஆட்டங்கள் நிலைத்ததேன்? அவை வேண்டுவது மிகச் சிறிது. ஒரு குச்சி கோடு கீறும், புளியங்கொட்டை காயாகும். பல்லாங்குழியின் 14 குழிகளுக்கு முன் பாட்டியும் பேர்த்தியும் சமமானவர். ஆடுபுலியில் 3 புலிகளை 15 ஆடுகள் எதிர்கொள்கின்றன. தனித்த ஆடு வெட்டுண்ணும், கூடி நின்ற ஆடுகள் புலியை அசையவிடா. இப்பாடத்தை எந்தத் தனியார் வகுப்பு புகட்டுகின்றது?

இனிக் காட்சிக்கு வைப்போரை நோக்குவோம். பகைவரால் அழிந்த நாட்டைப் பாடவந்த மருதன் இளநாகனார், புறநானூற்றின் 52 ஆம் பாடலிலே ஒரு பாழ்மன்றத்தைக் காட்டுகின்றார். நரைத்த முதியோர் காய்களை இட்டு இட்டுத் தேய்ந்து குழிந்த இடத்திற் காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கின்றது. அரண்மனையின் வீழ்ச்சியையன்று, ஆடுவோரற்ற வல்லுக்களத்தையே அப்புலவர் அழிவின் அடையாளமாகக் கண்டார்.

முல்லைத்தீவு 2004 இல் ஆழிப்பேரலையையும் 2009 இல் போரின் இறுதி நாட்களையும் கண்ட மண். இம்மண்ணின் மீட்சியை நாம் கட்டிய வீடுகளின் தொகையாலும் இட்ட வீதிகளின் நீளத்தாலும் அளக்கின்றோம். அவை வேண்டியனவே. ஆயினும் மரநிழலில் முதியோரும் இளையோரும் எதிரெதிரே அமர்ந்து, அச்சமின்றி ஒரு நாழிகையைக் கழிக்கும் நாளிலன்றோ ஓர் ஊர் முழுமையாக மீண்டதாகும்? ஆடுவோரின்றிக் கண்ணாடிப் பேழையுள் உறங்கும் பலகைக்கும், காட்டுக்கோழி முட்டையிட்ட அக்களத்திற்கும் வேறுபாடு யாது?

ஆதலின் நாம் வேண்டுவது விழாவன்று. சனசமூக நிலையந்தோறும் ஒரு பலகை. பாடசாலையில் வாரத்துக்கு ஒரு பாடவேளை. சிவராத்திரிக் கண்விழிப்பிற்குத் தொலைக்காட்சிக்குப் பதிலாகத் தாயம். புலமைப்பரிசிற் பரீட்சைக்கு நேரம் போதாதென்போர், குழந்தைகளின் பொழுது முழுவதையும் பரீட்சைக்கு ஈந்தது யாரென்று தம்மையே வினவுவாராக. கோடுகளை மண்ணில் எவரும் கீறலாம். எதிரே அமர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஓய்வு வேண்டும். அவ்வோய்வை வீணென்று பழிக்கும் சமூகம், தன் மன்றத்தைத் தானே பாழாக்குகின்றது.