பிளக்கின் முகம்

சென்ற மாதம் பருத்தித்துறையில் உறவினர் வீடொன்றுக்குச் சென்றிருந்தோம். வீட்டுக்காரர் கடற்றொழில் செய்பவர். ஒரு பிளாஸ்ரிக் வள்ளமும், அதன் பின்னே பூட்டிய சிறிய மண்ணெண்ணெய் இயந்திரமுமே அவரது ஆஸ்தி. அன்று காலை எட்டு மணிக்குக் கரை சேர வேண்டியவர், பிற்பகல் மூன்று மணிக்கே வந்து சேர்ந்தார். நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட, வேறொரு வள்ளத்தார் கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்தனர். அந்த ஏழு மணி நேரமும் அவர் மனைவி வாசலுக்கும் கரைக்குமாக நடந்த நடையை நாம் கண்ணாரக் கண்டோம்.

மூத்த மகன் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, பிளக்கைக் கழற்றி, "மாமா, இதைப் பாருங்கோ" என்று நம் கையில் வைத்தான். அதன் வெண்பீங்கான் நுனி கொப்பளித்திருந்தது. நடுமுனை உருகிப் போயிருந்தது. பீங்கான் மீது கடுகினும் சிறிய வெள்ளித் துளிகள் சில ஒட்டியிருந்தன. அவை பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுந்திருக்கும் என்றோம். கழற்றிப் பார்த்தபோது அவ்வாறே இருந்தது.

நடந்தது இதுதான். சில மாதங்களாகப் பிளக்கில் கரி பிடித்து இயந்திரம் அடிக்கடி திக்கியிருக்கிறது. உதிரிப்பாகக் கடையொன்றிலே, "இதைப் போடுங்கள், கரியே பிடிக்காது" என்று வேறு எண்ணுள்ள பிளக்கொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கரியும் பிடிக்கவில்லை. வலை விடும்போது மெல்ல ஓடியவரையில் குறையொன்றும் தெரியவில்லை. பாரத்தோடு முழுவேகத்தில் கரைக்குத் திரும்பிய அன்றுதான் அது தன் குணத்தைக் காட்டியது.

பாடநூல்கள் பிளக்கைப் பொறிச்செருகி என்று கூறும். கரையிலே வழங்கும் பெயரையே நாமும் எழுதுகிறோம். எரிபொருளுக்குத் தீ மூட்டுவது மட்டுமே அதன் தொழில் என்று பலர் எண்ணுகின்றனர். தன் நுனியில் ஏறும் வெப்பத்தைச் சிலிண்டரின் தலைக்குக் கடத்திவிடுவதும் அதன் தொழிலே. நுனியின் வெப்பம் ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்குக் குறைந்தால், படியும் கரி எரியாது தங்கிவிடும். 850 பாகையைத் தாண்டினாலோ நுனி கனலும் கொள்ளியாகி, பொறி பறக்குமுன்னரே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். மேலெழும் பிஸ்டனை அவ்வெரிவு எதிர்த்து அழுத்தும். வெப்பம் மேலும் ஏறும். நுனி இன்னும் கனலும். தூய அலுமினியம் உருகுவதற்கு 660 பாகை போதும் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

பீங்கான் மூக்கு நீண்ட பிளக் வெப்பத்தைத் தன்னிடமே வைத்திருக்கும். அதைச் சூட்டுப் பிளக் என்பர். மூக்குக் குறுகியது வெப்பத்தை விரைவில் இறக்கிவிடும்; அது குளிர்ப் பிளக். சூட்டுப் பிளக்கின் பொறி வலியது என்பது வீண் நம்பிக்கை. என்ஜிகே பிளக்கின் பி 7 எச் எஸ் என்ற குறியில் 7 என்பதே இவ்வெப்ப நிலையைக் காட்டும் எண். 6 சூடானது, 8 குளிர்ந்தது. சாம்பியன், பொஷ் பிளக்குகளில் எண் கூடினால் சூடு கூடும். ஒரு கம்பனியின் எண்ணை மனத்தில் வைத்து மற்றக் கம்பனியின் பிளக்கை வாங்குபவர் நேர் எதிரானதை வாங்கி வருவார்.

ஈரடிப்பு இயந்திரத்தில் இத்தவறு பெரிதாவதற்குக் காரணம் உண்டு. நாலடிப்பு இயந்திரத்தில் இரு சுற்றுக்கு ஒருமுறை நிகழும் எரிவு, இதில் சுற்றுதோறும் நிகழ்கிறது. எரிபொருளோடு கலந்த எண்ணெயும் கூடவே எரிந்து கரியாகிறது. மண்ணெண்ணெய் அக்கரியை இன்னும் கூட்டும். ஆதலால் சூட்டுப் பிளக்கை நாட மனம் ஆசைப்படுவது இயல்பே. ஆனால் நட்டக்கணக்கைப் பாருங்கள். பிளக் ஒருபடி குளிர்ந்திருந்தால் கரி பிடிக்கும். கழற்றி வேறொன்று போடலாம். ஒருபடி சூடாகியிருந்தால் பிஸ்டன் போய்விடும். கைநூலில் குறித்த எண்ணையே போடுக. ஐயம் எழுந்தால் சூட்டின் பக்கம் சாயாதிருக்க.

நிற்க, கரிக்கு மருந்து பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மறுபடி சில நிமிடம் பெற்றோலில் ஓட்ட வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய நாள் முதல், நம் உறவினரும் சிக்கனம் கருதி இக்கடைசிச் சில நிமிடங்களை விட்டுவிட்டார். கரி பிடித்த கதையின் தொடக்கம் அங்கேதான்.

பிளக்கின் புரி நீளமும் பொருந்த வேண்டும். என்ஜிகே குறியில் எச் என்பது 12.7 மில்லிமீற்றர், ஈ என்பது 19 மில்லிமீற்றர். நீளம் மிஞ்சினால் பிஸ்டன் வந்து முட்டும். குறைந்தால் சிலிண்டர்த் தலையின் வெறும் புரிகளிற் கரி அடையும்.

இரு முனைகளுக்கும் இடையேயுள்ள இடைவெளியைக் கைநூல் சொல்லும். புல்வெட்டும் இயந்திரங்களுக்கு அது 0.5 மில்லிமீற்றர் அளவிலும், சில படகு இயந்திரங்களுக்கு 1 மில்லிமீற்றர் வரையிலும் இருக்கும். அளவுத் தகடு இல்லாதவர் இரும்பரியும் கைவாளின் அலகைக் கொள்ளலாம். பல்லற்ற முதுகுப் பக்கம் ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர் தடிப்பு. திருத்தும்போது வளைந்த பக்கமுனையை மட்டுமே அசைக்க வேண்டும். நடுமுனையை நெம்பினால் பீங்கான் வெடிக்கும். பெட்டியிலிருந்து எடுத்த புதிய பிளக்கையும் அளந்தே போடுக.

கழற்றுமுன் பிளக்கைச் சுற்றியுள்ள மணலைத் துடைத்துவிடுக. பூட்டும்போது விரலாலேயே இறுதிவரை திருகிய பின்னரே சாவியைத் தொட வேண்டும். அதன் பின் புதிய பிளக்குக்கு அரைச்சுற்று; முன் பாவித்ததற்கு மணிக்கூட்டில் ஒரு மணியளவு தூரம். பலசாலிகள் இவ்விடத்தில் சிறிது பொறுமை காட்டுவது நன்று!

பாரத்தோடு ஓடிய இயந்திரத்தை அவ்வேகத்திலேயே நிறுத்திக் கழற்றினால்தான் பிளக்கின் முகம் மெய் பேசும். வெளிறிய மண்ணிறம் நலம். ஈரக் கருமை என்றால் எண்ணெய் மிகுதி, அல்லது பிளக் குளிர்ந்தது. சுண்ணாம்பு போன்ற வெண்மையைக் கண்டால் அன்று கடலுக்குப் போக வேண்டாம். பிளக்கின் எண்ணையும் எண்ணெய்க் கலவையையும் காபரேற்றரையும் பார்த்த பின்னரே போகலாம்.

உறவினருடைய இயந்திரத்துக்குப் புதிய பிஸ்டன் போட்டாயிற்று. மகன் கைநூலைத் தேடியெடுத்து, அதிலுள்ள எண்ணை வள்ளத்தின் உட்பக்கத்தில் வண்ணத்தால் எழுதிவிட்டான். இறுக மூடும் பால்மா ரின்னொன்றில் இரு புதிய பிளக்குகளும், ஒரு சாவியும், ஒடிந்த வாள் அலகொன்றும் இப்போது வள்ளத்தில் போகின்றன. மாலையில் அந்த ரின்னைத் திறந்து பார்த்து மூடுபவர் அவன் தாயார்.