கைராசி மேல் பழி போடலாமா?



தொட்டி மாற்றி வைத்த போன்சாய் மரம் நாலைந்து நாளில் இலையை உதிர்க்க ஆரம்பித்தால், நம் வீடுகளில் தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. மாற்றி வைத்தவளின் கையைப் பற்றிப் பேசுகிறவர்களே அதிகம். "இவ கை வெச்சா துளசிகூடப் பட்டுப் போயிடும்" என்று ஒரு வார்த்தை விழுந்துவிடும். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண்ணிடம், வந்தவர் போனவர் காதில் விழும்படி இப்படிச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். மரம் போனால் வேறொன்று வாங்கிக் கொள்ளலாம். ஆனால் அந்தப் பெண் அதற்கப்புறம் வாசலில் இருந்த ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றவே பயந்தாள். "நான் தொட வேண்டாம் அக்கா, நீங்களே ஊத்திடுங்க" என்றாள். ஒரு குட்டை மரத்துக்காக ஒரு பெண்ணை இப்படி ஒடுக்க வேண்டுமா?

என்னைக் கேட்டால், இதில் கைராசிக்கு இடமே இல்லை. மரம் வாடுவதற்குக் காரணம் வேரில் இருக்கிறது. அது பிழைப்பது பெரும்பாலும் அடுத்த ஒரு மாதம் நாம் எவ்வளவு பொறுமையாக இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

போன்சாய் மரத்தைத் தொட்டி மாற்றும்போது பழைய மண்ணை உதிர்த்து, வேரில் ஒரு பங்கை வெட்டித்தான் நடுகிறோம். தண்ணீரை உறிஞ்சுவது தடித்த வேர் அல்ல. முடி மாதிரி இருக்கும் சல்லி வேர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. வெட்டும்போதும் மண்ணை உதிர்க்கும்போதும் முதலில் அறுந்து போவது அவைதான். மேலே இலைகளோ பழையபடி அத்தனையும் இருக்கின்றன. வெயிலும் காற்றும் பட்டால் இலை வழியே தண்ணீர் ஆவியாகிக் கொண்டே இருக்கும். ஆக, செலவு பழைய செலவு, வரவு பாதி வரவு. மாசக் கடைசியில் நம் வீட்டில் என்ன செய்கிறோமோ, அதையே மரமும் செய்கிறது. செலவைக் குறைக்க இலையை உதிர்க்கிறது. இது சாவுக்கு அறிகுறி அல்ல, பிழைத்துக் கொள்ளும் வழி.

தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நாற்றங்காலில் பறித்து வயலில் நட்ட பயிர் முதல் சில நாள் வெளுத்து, தொய்ந்துதான் நிற்கும். அதைப் பார்த்து, நடவு நட்ட பெண்ணுக்குக் கைராசி இல்லை என்று எந்தப் பண்ணையிலாவது சொல்கிறார்களா? "வேர் புடிக்கட்டும், தானா பச்சை கட்டும்" என்றுதானே சொல்கிறார்கள்? வயலுக்குத் தெரிந்த நியாயம் வரவேற்பறை மரத்துக்கு மட்டும் ஏன் தெரியாமல் போகிறது?

மரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அக்கறையின்மை அல்ல, அளவுக்கு மீறிய அக்கறைதான். இலை தொய்ந்ததும் ஒருவர் வந்து, "தண்ணி பத்தலை, இன்னும் ரெண்டு சொம்பு ஊத்து" என்பார். எதிர்வீட்டு மாமி அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டு வருவார். இன்னொருவர் டீத்தூள், முட்டை ஓடு என்பார். நாலாவது ஆள் உரக்கடைக்கு ஓடுவார். எல்லோருக்கும் நல்ல மனசுதான். ஆனால் அறுந்த வேரால் இருக்கிற தண்ணீரையே உறிஞ்ச முடியாதபோது மேலும் ஊற்றினால் என்ன ஆகும்? மண்ணில் காற்றுப் போக இடமில்லாமல் மிச்ச வேரும் அழுகும். உரத்தில் இருப்பது உப்புச்சத்து. அது மண்ணில் அதிகமானால், ஊறுகாய் மாங்காயிலிருந்து உப்பு தண்ணீரை இழுப்பது போல வேரிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துவிடும். சத்துக் கொடுப்பதாக நினைத்து மரத்தைக் காய வைப்போம். அரிசித் தண்ணீர், டீத்தூள் எல்லாம் பெரிய தோட்டத்து மண்ணில் மக்கிவிடும். ரெண்டு விரல் ஆழமே உள்ள தட்டுத் தொட்டியில் புளித்து நாறும், கொசுறாகப் பூச்சியும் வரும்.

அப்படியானால் என்னதான் செய்வது? அனுபவத்தில் பலன் தந்த முறைகளை எழுதுகிறேன்.

நட்டதும், தொட்டியின் அடி ஓட்டை வழியாகத் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஒருமுறை நன்றாக ஊற்றிவிட வேண்டும். அதற்கப்புறம் தினமும் கடமைக்கு ஊற்றக் கூடாது. மண்ணில் விரல் நுனியை அரை அங்குலம் நுழைத்துப் பார்த்து, மேல் மண் காய ஆரம்பித்திருந்தால் மட்டும் ஊற்றலாம். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து அதில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஜேட், அடீனியம் போன்ற சதைப்பற்றுள்ள செடிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றுக்கு வேரை வெட்டிய காயம் ஆறும்வரை, சில நாள் ஈரமில்லாமல் விட்ட பிறகே தண்ணீர் காட்ட வேண்டும்.

மரம் தொட்டியில் ஆடக் கூடாது. புது வேர் நுனி நூலைவிட மெல்லியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது அறுந்து போகும். அதனால்தான் தெரிந்தவர்கள் அடி ஓட்டை வழியாகக் கம்பி கோத்து வேர்ப் பகுதியைத் தொட்டியோடு கட்டி விடுகிறார்கள். குழந்தைகள் கையும் பந்தும் படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

ரெண்டு மூன்று வாரம் உச்சி வெயிலும் பலத்த காற்றும் படாமல் நல்ல வெளிச்சத்தில் இருக்கட்டும். "பாவம், வாடுது" என்று இருட்டு அறைக்குள் வைத்துவிடாதீர்கள். வெளிச்சம் இல்லாவிட்டால் இலை உணவு தயாரிக்காது. உணவு இல்லாவிட்டால் புது வேர் வராது. ஏ.ஸி., மின்விசிறிக் காற்றுக்கு நேரே வைப்பதும் ஆகாது. காலையும் மாலையும் இலைமேல் புகை போலத் தண்ணீர் தெளிக்கலாம். ரொம்பவும் தொய்ந்து போன மரத்துக்கு, நாலு குச்சி ஊன்றி இலையில் படாமல் பாலிதீன் கவரை மூடி வைத்தால் ஈரக்காற்று உள்ளேயே நிற்கும். தினமும் கொஞ்ச நேரம் திறந்துவிட வேண்டும். கவர் போட்ட மரத்தை வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும், ஜாக்கிரதை.

புதுத் துளிர் வந்து அது நன்றாக விரியும்வரை உரம் வேண்டாம். எப்படியும் நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கிளையை வெட்டுவதும், கம்பி சுற்றி வளைப்பதும் அதுவரை வேண்டாம். புதுத் துளிர் கோணலாக வந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அது சம்பாதிப்பதில்தான் வேர் வளர்கிறது.

உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. சிறு கிளையில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. இலை மஞ்சளாகித் தானே கழன்று விழுந்தால் அவ்வளவாகப் பயப்பட வேண்டாம், மரமே அதை விடுவிக்கிறது என்று அர்த்தம். இலை பழுப்பாகிச் சருகாகியும் விழாமல் கிளையிலேயே ஒட்டிக்கொண்டு, கீறினால் உள்ளேயும் பழுப்பாக இருந்தால், அந்தக் கிளை போய்விட்டது. மண்ணில் அழுகல் வாடை வந்தால் மட்டுமே மறுபடி வெளியே எடுத்து, கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டி, தண்ணீர் நிற்காத கலவையில் வைக்க வேண்டும். மற்றபடி "வேர் வந்திருக்கா பார்ப்போம்" என்று வாரத்துக்கு ஒருமுறை பிடுங்கிப் பார்ப்பது, விதை போட்டுவிட்டுத் தினமும் தோண்டிப் பார்த்த கதைதான்.

காலமும் முக்கியம். ஆல், அரசு, இச்சி, அத்தி போன்றவை வெதுவெதுப்பான நாட்களில் சீக்கிரம் வேர் விடும். மாசி, பங்குனி நல்லது. இல்லாவிட்டால் கத்திரி வெயில் தணிந்த பிறகு ஆனி, ஆடியில் மாற்றலாம். கத்திரியில் இலை தாங்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் காயாது. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேரை வெட்டாமல் இருப்பதும் புத்திசாலித்தனம். சலித்துத் தூசி நீக்கிய ஆற்று மணல், செங்கல் பொடிக்கல், செம்மண், நன்றாக மக்கிய எரு கலந்த மண்ணில் தண்ணீர் நிற்காது. வெறும் களிமண்ணில் எந்த மகராசி நட்டாலும் மரம் திணறத்தான் செய்யும்.

போன்சாயே வீட்டுக்கு ஆகாது, குடும்ப வளர்ச்சி குட்டையாகிவிடும் என்று பேசுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஜப்பானில் 1625-ம் ஆண்டிலிருந்து தொட்டியில் வளர்க்கப்பட்ட ஒரு பைன் மரம், ஹிரோஷிமாவில் யமாகி என்ற குடும்பத்தாரிடம் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6-ம் தேதி அந்த ஊர்மேல் அணுகுண்டு விழுந்தபோது, சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த அவர்கள் வீட்டில் குடும்பமும் பிழைத்தது, மதில் ஓரத்தில் இருந்த அந்த மரமும் பிழைத்தது. 1976-ல் மசாரு யமாகி அதை அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தார். குண்டு போட்ட நாட்டுக்கே! அது வாஷிங்டனில் உள்ள தேசியத் தாவரப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அது எதைத் தாண்டி வந்த மரம் என்பது, 2001-ல் அந்தக் குடும்பத்துப் பேரன்கள் பார்க்க வந்தபோதுதான் அங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததாம். இத்தனை காலம் ஒரு மரம் தட்டுத் தொட்டியில் வாழ வேண்டுமானால், எத்தனை முறை மண் மாற்றி, வேர் வெட்டி, வாடி, மறுபடி துளிர்த்திருக்க வேண்டும்! ஒவ்வொரு முறை வாடியபோதும் கைராசியைப் பேசிக்கொண்டிருந்தால் அது நம் காலம்வரை வந்திருக்குமா?

செடி விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மரத்தின் வயசையும் விலையையும் சொல்கிற நீங்கள், அதைக் கடைசியாக எப்போது தொட்டி மாற்றினீர்கள், அடுத்து எப்போது மாற்ற வேண்டும், மாற்றினால் எத்தனை நாள் வாடும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் என்ன? நேற்று மண் மாற்றிய மரத்தை இன்றைக்கு விற்றுவிட்டு, வாடியதும் "ஊட்ட மருந்து" என்று ஒரு பாட்டிலையும் விற்பது நியாயமா? வாங்கப் போகிற நாமும் அடிமரத்தைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். மரம் ஆடினால் இன்னும் வேர் பிடிக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இடம் மாறிய மரத்துக்கு நிழலும் கொஞ்சம் அவகாசமும் கொடுங்கள். புகுந்த வீட்டில் வேர் பிடிக்கப் பார்க்கிற பெண்ணுக்கும் அதைக் கொடுங்கள். வாடின இலையைக் காட்டி அவளைச் சொல்லிக் காட்டாதீர்கள். அடுத்த முறை உங்கள் வீட்டில் மரம் இலை உதிர்த்தால், "உன் கை சரியில்லை" என்பதற்குப் பதில், "ஒரு மாசம் பார்ப்போம்மா" என்று சொல்லிப் பாருங்களேன்.

– ஒரு வாசகி, கும்பகோணம்.