ஊர்க்காவல் படையினரின் ஊதியமும் பொறுப்பும்: எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

மதுரைச் சித்திரைத் திருவிழாவிலும் திருவண்ணாமலை கார்த்திகை தீபத்திலும் கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறவர்கள், வாக்குச்சாவடி வாசலில் வரிசையைக் கவனிக்கிறவர்கள், இரவு ரோந்தில் காவலருக்குத் துணையாகப் போகிறவர்கள் எல்லாரும் காவல்துறையின் நிரந்தரப் பணியாளர்கள் அல்லர். அவர்களில் பலர் ஊர்க்காவல் படையினர். வேறு பிழைப்பு வைத்துக்கொண்டு, காவல்துறை அழைக்கும் நாளில் மட்டும் காக்கி அணிந்து வருகிறவர்கள். இப்படியொரு படை தேவையா, தேவையென்றால் அதை அரசு எப்படி நடத்த வேண்டும் என்பது பற்றி எங்கள் அமைப்பின் முடிவு இது: படை இருக்க வேண்டும். ஆனால் அழைக்கப்பட்ட நாளில் ஒருவருக்குக் காவலரின் அதிகாரத்தைக் கொடுக்கும் அரசு, அந்த நாளுக்குரிய ஊதியம், பயிற்சி, பாதுகாப்பு, பொறுப்பு ஆகியவற்றையும் குறைவின்றிக் கொடுக்க வேண்டும். பணி நேரத்தைத்தான் பகுதியாக வைக்கலாம். அந்த நேரத்துக்குள் நடப்பது எதையும் அரைகுறையாக வைக்கக் கூடாது.

இந்தப் படை எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1946 டிசம்பரில், கலவரங்கள் மூண்டிருந்த பம்பாயில், காவல்துறைக்கு உதவியாகக் குடிமக்களைக் கொண்டு இது உருவாக்கப்பட்டது. 1962 சீனப் போருக்குப் பிறகு, மாநிலங்களில் தனித்தனியாக இருந்த தொண்டர் படைகளை ஒரே அமைப்பாக்கும்படி மத்திய அரசு அறிவுறுத்தியது. தமிழ்நாட்டில் 1963இல் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் வைக்கப்பட்ட இலக்கு 5,73,793 பேர். கலவரம், போர், புயல், வெள்ளம், கொள்ளைநோய் என்று வழக்கமான காவலர் எண்ணிக்கை போதாமல் போகும் வேளைக்காகவே இந்தப் படை. ஆண்டில் சில வாரங்களே வரும் நெருக்கடிக்காக ஆண்டு முழுவதும் ஆள் வைத்திருப்பது எந்த அரசாலும் ஆகாது. அந்த இடைவெளியை உள்ளூர்க்காரர்களைக் கொண்டு நிரப்புவது நியாயமான யோசனை. தெருவையும் ஆட்களையும் அறிந்தவர் கூட்டத்தின் நடுவே நிற்பதில் காவல்துறைக்கும் மக்களுக்கும் நன்மை உண்டு. தமிழகக் கடற்கரை ஊர்களில் மீனவர்களையே கடலோர ஊர்க்காவல் படையில் சேர்த்ததும் இந்த அடிப்படையில்தான்.

சிக்கல் யோசனையில் இல்லை, அது நடைமுறையாகும் விதத்தில் இருக்கிறது. பணிக்கு அழைக்கப்பட்ட உறுப்பினருக்குக் காவல் அலுவலருக்குரிய அதிகாரமும் சட்டப் பாதுகாப்பும் உண்டு என்று ஊர்க்காவல் படைச் சட்டங்கள் சொல்கின்றன. அந்த நேரத்தில் அவர் அரசு ஊழியராகவே கருதப்படுகிறார். அழைப்பு வந்தும் தக்க காரணமின்றி வராவிட்டால் தண்டிக்கவும் பல மாநிலச் சட்டங்களில் இடமிருக்கிறது. ஊதியத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் அவர் தொண்டர், அவருக்குத் தரப்படுவது சம்பளமல்ல, பணிப்படி என்று விளக்கம் வருகிறது. வராவிட்டால் தண்டிக்கத்தக்க ஒருவரை, பணம் கேட்கும்போது மட்டும் தன்னார்வலர் என்று அழைப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

இதே முரண்பாட்டைத்தான் உச்ச நீதிமன்றமும் எதிர்கொண்டது. இமாச்சலப் பிரதேச ஊர்க்காவல் படையினர் தொடுத்த வழக்கில் 2015 மார்ச்சில் அது தீர்ப்பளித்தது. அவர்களை நிரந்தரப் பணியாளர்களாக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதே சமயம், பணியில் இருக்கும்போது அவர்களுக்குக் காவலரின் அதிகாரம் இருக்கிறது என்பதையே காரணமாகக் காட்டி, முப்பது நாள் பணிப்படியைக் கூட்டினால் அந்த மாநிலக் காவலரின் குறைந்தபட்ச மாத ஊதியத்துக்குச் சமமாக வரும்படி நாள் விகிதத்தை நிர்ணயிக்கச் சொன்னது. தீர்ப்பின் இந்தத் தர்க்கத்தை நாங்கள் முழுமையாக ஏற்கிறோம். நிரந்தர வேலை என்பது ஒரு கேள்வி. வேலை செய்த நாளுக்கு நியாயமான கூலி என்பது வேறு கேள்வி. முன்னதற்கு ‘இல்லை’ என்று சொல்வதால் பின்னதும் ‘இல்லை’ என்று ஆகிவிடாது.

தீர்ப்புக்குப் பிறகு நடந்ததுதான் இந்த அறிக்கையை எழுத வைத்தது. தமிழ்நாட்டில் நாள் படி 560 ரூபாயாக உயர்ந்தது. கூடவே, மாதத்தில் ஐந்து நாள்தான் பணி என்ற கட்டுப்பாடும் வந்தது. 560 ரூபாயை முப்பதால் பெருக்கினால் 16,800. ஐந்தால் பெருக்கினால் 2,800. நீதிமன்றம் கேட்ட விகிதம் காகிதத்தில் காப்பாற்றப்பட்டது. உறுப்பினரின் கைக்கு வந்தது அதில் ஆறில் ஒரு பங்கு. நாள்களை இரட்டிப்பாக்கினாலும் 5,600 ரூபாயைத் தாண்டாது. உத்தரப்பிரதேசத்தில் இதே கதை வேறு வடிவில் நடந்தது. நாள் படியைக் காவலர் ஊதியத்தை ஒட்டி உயர்த்த வேண்டி வந்ததும், 2019 அக்டோபரில் சுமார் 25,000 ஊர்க்காவல் படையினரைப் பணியிலிருந்து விடுவிக்கும் முடிவு வெளியானது. எதிர்ப்பு கிளம்பிய பின்னரே யாரையும் நீக்கமாட்டோம் என்று அந்த மாநில அரசு சொன்னது. ஒடிசா ஊர்க்காவல் படையினர் ஒரு நாளுக்கு 533 ரூபாய் பெறுவதற்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தெலங்கானா நாள் படியை 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. மனமிருந்தால் ஓர் அரசால் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

விகிதம் ஏறியவுடன் நாள்கள் ஏன் குறைகின்றன, ஆள்கள் ஏன் வேண்டாதவர்களாகிறார்கள்? நெருக்கடி வேளைக்காக மட்டுமே அவர்கள் அழைக்கப்பட்டிருந்தால், படி ஏறினாலும் அழைப்பு குறைய வேண்டியதில்லை. புயலும் தேர்தலும் திருவிழாவும் நிதித்துறையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அழைப்பு சட்டென்று குறைகிறதென்றால், அதுவரை அவர்கள் செய்துவந்ததில் பெரும்பகுதி அன்றாடக் காவல் பணி என்றுதான் பொருள்: போக்குவரத்துச் சந்திப்பு, ரோந்து, நிலையத்து எழுத்து வேலை, வாகனம் ஓட்டுதல். நிரப்பப்பட வேண்டிய காவலர் இடங்களுக்குப் பதிலாக மலிவான ஆள்களாக அவர்கள் பயன்பட்டிருக்கிறார்கள். இதனால் மூன்று தரப்புக்கு நட்டம். ஊர்க்காவல் படையினருக்குக் கூலி இல்லை. காவலர் தேர்வுக்குப் படித்துக் காத்திருக்கும் இளைஞருக்கு இடம் இல்லை. முழுப் பயிற்சி பெற்ற காவலர் நிற்க வேண்டிய இடத்தில் அவர் இல்லாததால் மக்களுக்குப் பாதுகாப்பும் குறைகிறது.

மூன்றாவது நட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரைகுறைப் பயிற்சியும் சொற்ப ஊதியமும் கொடுத்துக் காவல் அதிகாரத்தை ஒப்படைத்தால் எங்கே போய் முடியும் என்பதை இந்த நாடு சத்தீஸ்கரில் பார்த்துவிட்டது. அங்கே மாவோயிஸ்டுகளுக்கு எதிராகப் பழங்குடி இளைஞர்கள் மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியத்தில் சிறப்புக் காவல் அலுவலர்களாக நியமிக்கப்பட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் படிப்பும் சில வாரப் பயிற்சியும் போதுமென்று கருதி அவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை அரசமைப்புக்கு முரணானது என்றது. அந்த இளைஞர்களின் சமத்துவ உரிமையும் உயிர்வாழும் உரிமையும் பறிக்கப்படுகின்றன, ஊர் மக்களின் உயிரும் ஆபத்தில் தள்ளப்படுகிறது என்று இரண்டையும் சேர்த்தே அது பார்த்தது. தமிழகத்து ஊர்க்காவல் படையினரின் நிலையை அந்தப் போர்க்களத்தோடு நாங்கள் ஒப்பிடவில்லை. அங்கே உறுதியான கொள்கை இங்கும் பொருந்தும் என்கிறோம்: சீருடை அணிந்தவரை வஞ்சிக்கும் ஏற்பாடு, அவர் எதிரே நிற்கும் குடிமகனையும் வஞ்சிக்கும். கையில் அதிகாரமும் வீட்டில் பற்றாக்குறையுமாக ஒருவரைச் சாலையில் நிறுத்திவிட்டு, அவர் நேர்மையாக இருப்பார் என்று அரசு நம்பிக்கொண்டிருப்பது பொறுப்பான செயல் அல்ல.

இங்கே எழும் முதல் மறுப்பு, சாத்தான்குளத்தை நினைவூட்டுவது. 2020 ஜூனில் அங்கே தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, காவல் நண்பர்கள் குழுவினருக்கும் பங்குண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே அந்தக் குழுவுக்கு மாநிலம் முழுவதும் தடை வந்தது. காவலர் அல்லாத யாரையும் காவல் பணியில் சேர்க்கவே கூடாது என்று மனித உரிமைத் தளத்தில் உள்ள நண்பர்கள் சிலர் அன்றிலிருந்து வற்புறுத்துகிறார்கள். அவர்கள் அச்சத்தை நாங்கள் மதிக்கிறோம். அது அனுபவத்திலிருந்து வந்த அச்சம். ஆனால் 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய காவல் நண்பர்கள் திட்டம், மக்களுக்கும் காவல்துறைக்கும் இடையே உறவு வளர்க்க வந்த தன்னார்வ ஏற்பாடு. கைது செய்யவோ தடுத்து வைக்கவோ அதன் உறுப்பினருக்குச் சட்டம் அதிகாரம் தரவில்லை. ஊர்க்காவல் படை சட்டத்தின் கீழ் இயங்குவது. அதற்குப் பதிவேடு, தளபதி, கவாத்து, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் உண்டு. பொறுப்பு யாருடையது என்றே தெரியாத ஆள்கள் நிலையத்துக்குள் நடமாடுவதுதான் ஆபத்து. சட்டப்படியான படையைக் கலைத்தால், ஆள் பற்றாக்குறை உள்ள நிலையங்கள் மீண்டும் அப்படிப்பட்டவர்களைத்தான் தேடிப் போகும். எனவே கலைப்பதற்குப் பதிலாக எல்லை வகுக்க வேண்டும் என்கிறோம். விசாரணை அறையிலும் காவலில் உள்ளவர் அருகிலும் ஊர்க்காவல் படையினருக்கு வேலை இருக்கக் கூடாது. அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு அவர்களை அனுப்பக் கூடாது. கைது செய்யும் காவலர் பெயரும் பதவியும் தெரியும்படி அடையாளம் அணிய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விதி, பணிக்கு வந்த ஒவ்வோர் ஊர்க்காவல் படையினருக்கும் பொருந்த வேண்டும். அவர் மீதான புகாரைக் காவலர் மீதான புகாரை விசாரிக்கும் அதே அமைப்பு விசாரிக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு, சேவை மனப்பான்மையைப் பணம் கெடுத்துவிடும் என்பது. இங்கிலாந்தில் சிறப்புக் காவலர்கள் ஊதியமின்றியே பணிபுரிகிறார்கள், அதுவும் காவலரின் முழு அதிகாரத்தோடு என்று இதற்கு எடுத்துக்காட்டும் சொல்லப்படுகிறது. உண்மைதான். ஆனால் 2012இல் இருபதாயிரத்துக்கு மேல் இருந்த அவர்களின் எண்ணிக்கை இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நிலையான வருமானம் உள்ளவர்களாலேயே இலவசச் சேவையை நெடுநாள் தாங்க முடியவில்லை. இங்கே இந்தப் படைக்கு வருகிறவர்களில் பலர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கடைகளில் வேலை செய்கிறவர்கள், கூலித் தொழிலாளிகள். ஒரு நாள் பந்தோபஸ்துக்கு வந்தால் அவர்களுக்கு ஒரு நாள் வருமானம் போகிறது. அந்த இழப்பை ஈடுகட்டுவதால் சேவை மனம் குறையாது; சேவைக்கு வர அவர்களுக்கு வழி கிடைக்கும். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பிராந்திய இராணுவத்துக்கு அழைக்கப்பட்டுத் திரும்புகிறவரை முதலாளி மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஊருக்காக அழைப்பை ஏற்று வருகிறவருக்கும் அதற்கு இணையான வேலைப் பாதுகாப்பு வேண்டும்.

தேர்வெழுதாமல் கொல்லைப்புறமாகக் காவல்துறையில் நுழையப் பார்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. படையில் இருந்ததாலேயே ஒருவரைக் காவலராக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அது இடஒதுக்கீட்டுக்கும் தகுதித் தேர்வுக்கும் எதிரானது. 2013இல் மாதம் 7,500 ரூபாய் தொகுப்பூதியத்தில் தமிழ்நாடு சிறப்புக் காவல் இளைஞர் படை அமைக்கப்பட்டபோது, அதில் பணிபுரிந்தவர்கள் பின்னர் தனித் தேர்வு எழுதி இரண்டாம் நிலைக் காவலர்களானார்கள். அனுபவத்துக்கு மதிப்பும் தேர்வுக்கு இடமும் ஒருசேரத் தர முடியும் என்பதற்கு அது முன்மாதிரி. ஊர்க்காவல் படையில் குறிப்பிட்ட ஆண்டுகள் குற்றச்சாட்டின்றிப் பணியாற்றியவருக்கு வயது வரம்பில் தளர்வும் கூடுதல் மதிப்பெண்ணும் கொடுத்தால் போதும்.

நிதி எங்கே என்ற கேள்விக்கு எங்கள் பதில் சுருக்கமானது. உண்மையான நெருக்கடிக்கு மட்டும் அழைத்தால், காவலருக்கு இணையான நாள் விகிதம் அரசுக்குச் சுமையாகாது. ஆண்டு முழுவதும் தேவைப்படும் வேலைக்கு அவர்களை அழைத்தால் செலவு கூடத்தான் செய்யும். அந்தச் செலவு நிரப்பப்படாத காவலர் இடங்களின் செலவு, அதை உழைப்பவரின் கூலியிலிருந்து மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஆகவே 1963ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தமிழக அரசைக் கேட்கிறோம். நாள் படி, காவலர் ஊதியம் திருத்தப்படும் போதெல்லாம் தானாக உயர வேண்டும். மாதந்தோறும் இத்தனை நாள் பணி உறுதி என்று சொல்லி, அழைக்காவிட்டாலும் அதற்குரிய தொகையைக் கொடுக்க வேண்டும். ஓர் ஆள் எந்நேரமும் வரத் தயாராக இருப்பதற்கும் விலை உண்டு. பணியில் காயமடைந்தாலோ இறந்தாலோ, காவலருக்குக் கிடைக்கும் மருத்துவச் செலவும் இழப்பீடும் அப்படியே கிடைக்க வேண்டும். ஒரே இடத்தில் ஒரே வேலைக்குத் தொடர்ந்து மூன்று மாதம் அழைப்பு போனால், அந்த வேலையைக் காலிப்பணியிடமாகக் கணக்கிட்டுச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் காவல்துறை மானியக் கோரிக்கையின்போது பேரவையில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில், மாவட்டவாரியாக எத்தனை பேர் எத்தனை நாள் எந்த வேலைக்கு அழைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் மீது புகார் வந்து என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற விவரம் இடம்பெற வேண்டும். சட்டத் திருத்தத்துக்குக் காலம் பிடிக்கலாம். இந்த விவரத்தை வெளியிட ஓர் அரசாணை போதும். அடுத்த மானியக் கோரிக்கையிலேயே அதை எதிர்பார்க்கிறோம்.