யார் கையில்? யார் எதிரில்?

2008ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் இரவு. மும்பை மாநகரின் கிர்காம் கடற்கரைச் சாலை. தடுப்புக் கட்டி நிற்கின்றனர் காவலர்கள். சீறி வருகிறது ஒரு கார், உள்ளே இருவர், அவர்களிடம் ஏ.கே. ரகத் துப்பாக்கி. காரை நோக்கிப் பாய்கிறார் உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்பிளே. அவர் கையில் இருந்தது என்ன? லத்தி! ஆம், வெறும் லத்தி! நெருப்பைக் கக்கும் குழலை இரு கைகளாலும் பற்றினார். குண்டுகள் உடலைத் துளைத்தன, பிடி தளரவில்லை. உயிர் போயிற்று, பிடி போகவில்லை! அந்தப் பிடியினால்தான் கசாப் என்ற கொலைகாரன் உயிரோடு சிக்கினான். சதியின் முழு உருவமும் உலகின் முன் அம்பலமாயிற்று.

2009இல் ஓம்பிளேயின் பெயருக்கு அசோக சக்கர விருது அளிக்கப்பட்டது. வீரர் என்று புகழ்ந்தோம், சிலை வைத்தோம், மாலை சூட்டினோம். எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறதே! உலகம் நடுங்கும் ஆயுதத்தின் எதிரே அந்த மனிதரை மூங்கில் கழியோடு நிறுத்தி வைத்தவர் யார்? வீரத்துக்கு விருது கொடுத்த நாடு, அந்த வீரம் தேவைப்பட்டதற்காக வெட்கப்பட்டதா?

அதே இரவு, சத்திரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் 58 பேர் மடிந்தனர். அங்கே காவலர்களிடம் இருந்தவை லத்தியும் 303 ரக ரைபிளும். 1914ஆம் ஆண்டுப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய் தோளில் சுமந்த அதே குடும்பத்துத் துப்பாக்கி! ஒரு முறை சுட்டால் கைப்பிடியை இழுத்துத் தள்ளவேண்டும். பிறகுதான் அடுத்த குண்டு. எதிரே நின்றவனுடையதோ, விசையை அழுத்திப் பிடித்தால் நிமிடத்துக்கு 600 குண்டு என்ற வேகத்தில் பொழிவது. இதைப் போர் என்பதா? பலி என்பதா?

இந்த இழிநிலை எங்கிருந்து வந்தது? 1857இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அதன் பிறகு வெள்ளையன் விழித்துக்கொண்டான். தன் நாட்டுச் சிப்பாய்க்கு உட்புறம் வரியிட்ட குழல், குறி தவறாது. இந்தியச் சிப்பாய்க்கோ வரியில்லாத வழவழப்புக் குழல், குறி தப்பும். காவலனுக்கு வந்தது 410 மஸ்கட். நல்ல 303 ரைபிளின் குழலை வழித்து, ஒரு நேரத்தில் ஒரே தோட்டா என்று குறைத்து, ‘இது உனக்குப் போதும்’ என்று கொடுத்தான். காவல் காக்க ஆள் வேண்டும். ஆனால் அந்த ஆளின்மீது நம்பிக்கை இல்லை! வில்வித்தை கற்ற ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டவரின் கதை நமக்குத் தெரியும். வெள்ளையன் விரலைக் கேட்கவில்லை. துப்பாக்கியின் வலிமையை வெட்டிவிட்டான்.

வெள்ளையன் கப்பலேறிவிட்டான். துப்பாக்கி கப்பலேறவில்லை! உத்தரப் பிரதேசக் காவல்துறை 303 ரைபிளுக்கு விழா எடுத்து விடைகொடுத்த ஆண்டு எது தெரியுமா? 2020! விடுதலை பெற்று 72 ஆண்டுகள் உருண்டோடிய பிறகு!

‘நாமே செய்வோம்’ என்றார்கள். நல்ல எண்ணம், நாமும் வரவேற்போம். பிறந்தது இன்சாஸ் ரைபிள், 5.56 மில்லிமீட்டர்க் குண்டு. எதிரியைக் கொல்வதைவிடக் காயப்படுத்தினால், அவனைத் தூக்க இன்னும் இருவர் களத்தைவிட்டு விலகுவர் என்று வாதிடப்பட்டது. நாட்டுக்கு நாடு நடக்கும் போரில் அது பொருந்தலாம். சாகத் துணிந்தே வருகிறவனைத் தூக்கிச் செல்ல யார் வரப்போகிறார்கள்? 1999இல் கார்கில் பனிமலையில் இன்சாஸின் மேகசின் குளிரில் வெடித்தது. சுடும்போது சிக்கிக்கொண்டது என்ற குறைகள் எழுந்தன. 2005இல் நேபாளப் படையும், மாவோயிஸ்டுகளோடு நடந்த நீண்ட சண்டையில் அது பழுதாகி நின்றதென்று முறையிட்டது. பயன்படுத்திய முறைதான் பிழை என்றது இந்தியத் தரப்பு. இருக்கட்டும், ஆனால் களத்தில் நிற்பவன் தன் துப்பாக்கியை நம்பவில்லை என்றால், எத்தனை சான்றிதழ் ஒட்டி என்ன பயன்? நக்சல் காடுகளுக்குச் சென்ற மத்திய ரிசர்வ் காவல்படையினர் ஏ.கே. ரகத்தை நாடியது அதனால்தானே!

அடுத்து நடந்தது சோகமா, நகைச்சுவையா? நாடகம் எழுதுகிறவன் கண்ணுக்கு அது இரண்டாகவும் தெரிகிறது. 2011இல் இராணுவத்துக்காக ஒரு டெண்டர்: ஒரே துப்பாக்கி, குழலை மாற்றினால் 5.56 குண்டும் சுடவேண்டும், 7.62 குண்டும் சுடவேண்டும்! மேடையில் ஏற்றினால் காட்சி இப்படித்தான் இருக்கும்:

அதிகாரி: ஒரு துப்பாக்கி வேண்டும், ஆனால் அது இரண்டாக இருக்கவேண்டும்.

வணிகன்: குண்டு பறக்கும் வேளையில் குழலை மாற்ற நேரம் இருக்குமா, ஐயா?

அதிகாரி: அதைச் சிப்பாயிடம் அல்லவா கேட்கவேண்டும்!

வணிகன்: கேட்டீர்களா?

(அதிகாரி விழிக்கிறார். திரை விழுகிறது.)

திரை உண்மையாகவே விழுந்தது, தோழர்களே! 2015இல் அந்த டெண்டர் கைவிடப்பட்டது. நான்கு ஆண்டுகள் கரைந்தன. ஒரு துப்பாக்கியும் வரவில்லை. பின்னர் 2019இல் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 ரைபிள்கள். 2021இல் உத்தரப் பிரதேசத்துக் கோர்வாவில் ரஷ்யக் கூட்டுறவோடு 6,01,427 ஏ.கே.-203 ரைபிள்கள் செய்ய ஒப்பந்தம். இராணுவத்துக்கு வழி பிறந்தது, மகிழ்ச்சி. ரயில் நிலையத்துக் காவலனுக்கு?

ஆயுதம் தேர்வது அழகுப் போட்டி அன்று. விலைப் போட்டியும் அன்று. முதலில் இடம் அறியவேண்டும். எல்லை மலையில் எதிரி நெடுந்தொலைவில் நிற்பான். அங்கே வலுவான 7.62×51 குண்டு வேண்டும். அடர்ந்த காட்டில் அவன் சில அடிகளுக்கு அப்பால் திடீரென்று முளைப்பான், அங்கே ஏ.கே. ரகத்தின் 7.62×39 கைகொடுக்கும். ரயில் நிலையத்திலோ, கொலைகாரனைத் துளைத்துக்கொண்டு போகும் குண்டு, பின்னால் குழந்தையை அணைத்தபடி ஒளிந்திருக்கும் தாயையும் துளைக்குமே! அதனால்தான் பிணைக்கைதிகளை மீட்கச் செல்லும் தேசியப் பாதுகாப்புப் படையினர் 9 மில்லிமீட்டர்க் குண்டு சுடும் எம்.பி.5 ஏந்தினர். அதுவும் குறையற்றதா? இல்லை. எதிரி கவசம் அணிந்திருந்தால் அந்தச் சிறு குண்டு திணறும். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்பவன் மருத்துவன் அல்லன். எல்லாக் களத்துக்கும் ஒரே துப்பாக்கி என்பவன் படையறிந்தவன் அல்லன்.

அடுத்து, கை அறியவேண்டும். புதுத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்குத் தோட்டா கொடுக்க மறுத்தால், அது இரும்புச் சுமை. துடைக்க எண்ணெய் இல்லை, மாற்ற உறுப்பு இல்லை என்றால், அது அருங்காட்சியகப் பொருள். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவை கண்டது என்ன? தொண்டைமானின் கருவிகள் அழகு குலையாமல் கொட்டிலில் பளபளத்தன. அதியமானுடையவை களம் கண்டு முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடந்தன. எந்தப் படை நல்ல படை என்பதை அந்தத் தமிழ் மூதாட்டி அன்றே சொல்லிவிட்டாள். இன்று குடியரசு நாள் அணிவகுப்பில் பளபளப்பதைக் கண்டு கைதட்டுகிறோம்; காவல் நிலையத்துப் பெட்டியைத் திறந்து பார்க்க மறந்துவிடுகிறோம்.

திறந்து பார்த்தவர்கள் சொன்னதைக் கேளுங்கள். தேவையான ஆயுதங்களில் இராசஸ்தான் காவல்துறைக்கு 75 விழுக்காடும், மேற்கு வங்கத்துக்கு 71 விழுக்காடும் பற்றாக்குறை என்று கண்டது தலைமைத் தணிக்கையாளரின் ஆய்வு. காவல்துறை மாநிலத்தின் பொறுப்பு என்கிறது அரசமைப்பின் ஏழாம் அட்டவணை. ஆனால் துப்பாக்கித் தொழிற்சாலை பெரும்பாலும் மத்திய அரசின் உடைமை; வெளிநாட்டில் வாங்க மத்திய அரசின் இசைவு; புதுமைப்படுத்தும் நிதிக்கு மத்திய உள்துறையின் தயவு. பழி சுமக்க மாநிலம். பூட்டுச் சாவி டில்லியில்! நம் திருச்சிராப்பள்ளியில் 1966 முதல் இயங்கும் தொழிற்சாலை, ‘திருச்சி அசால்ட் ரைபிள்’ என்று ஊர்ப்பெயரையே தாங்கிய 7.62 ரகத் துப்பாக்கியைச் செய்திருக்கிறது. தொழிலாளியின் கைத்திறனுக்குக் குறைவில்லை. குறைவெல்லாம், என்ன வேண்டும் என்று காவலனைக் கேட்டு, காலத்தில் முடிவெடுக்கும் திறனுக்குத்தான்.

இத்தோடு பேனாவை மூடிவிட்டால், பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். 2018 மே 22. தூத்துக்குடி. நச்சுப் புகைக்கு எதிராகக் கிளம்பிய மக்கள் கூட்டம். அங்கே லத்திக்குப் பதிலாக வந்தது எது? போர்க்களத்துக்குச் செய்த நெடுந்தொலைவு ரைபிள்! வேனின் கூரைமீது ஏறிக் குறிபார்த்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் கண்டது. 13 உயிர்கள் போயின. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் காவல்துறையினரின் அத்துமீறலைச் சுட்டிக்காட்டி அறிக்கை தந்தது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மும்பையில் கொலைகாரன் எதிரே கழி. தூத்துக்குடியில் குடிமகன் எதிரே ரைபிள்! இரண்டும் வேறு வேறு தவறுகளா? இல்லை, ஒரே தவற்றின் இரண்டு முகங்கள். எதிரே நிற்பவன் யார் என்று பாராமல் ஆயுதம் கொடுத்த தவறு! வல்லரசுக் கனவு காண்போர் பெரிய துப்பாக்கி கேட்பர். அமைதி விரும்புவோர் துப்பாக்கியே கூடாதென்பர். நாம் கேட்பது சரியான துப்பாக்கி, சரியான கையில், சரியானவன் எதிரில். கூட்டத்தின் முன் நிற்பவனுக்குக் கேடயமும் பொறுமையும். கொலைகாரன் முன் நிற்பவனுக்குக் கவசமும், பழகிய நல்ல ஆயுதமும்.

ஓம்பிளேயும் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர்தாம். நம் ஊர்க் காவல் நிலைய வாசலில் இரவு முழுதும் விழித்து நிற்கும் இளைஞனும் நம் வீட்டுப் பிள்ளைதான். ஆகவே, சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை வரும் நாளில், நம் உறுப்பினர்களைக் கேட்கச் சொல்லுங்கள்: இந்த ஆண்டு ஒவ்வொரு காவலனும் பயிற்சிக்குச் சுட்ட தோட்டா எத்தனை? குண்டு துளைக்காத கவசம் எத்தனை பேருக்கு? மக்கள் கூட்டத்தின் முன் எந்த ஆயுதத்தைக் கொண்டுசெல்லக் கூடாது என்று எழுதி வைத்த விதி எங்கே, அதை மீறினவனுக்குத் தண்டனை என்ன? ஆளுங்கட்சியாயினும் கேளுங்கள், எதிர்க்கட்சியாயினும் கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்!